விலை கேட்டவர்கள் எல்லாம் மீன் வாங்கினார்களா?

நடுவர் அவர்களே, வியாசர்பாடியில் திரண்டிருக்கும் பெரியவர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம். லினக்ஸ் என்பது ஒரு கணினி இயங்குதளம்; அதைப் பலர் பல விதமாகத் தொகுத்துத் தருகிறார்கள், அந்தத் தொகுப்புதான் டிஸ்ட்ரோ. எந்த லினக்ஸ் டிஸ்ட்ரோவுக்கு அதிக மவுசு என்பதைத் துல்லியமாக எண்ணிவிடலாம் என்றார் எதிரணி அண்ணன். டிஸ்ட்ரோவாட்ச் என்ற இணையதளத்தின் பட்டியலையும் தூக்கிக் காட்டினார். எண்ண முடியாது என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போங்கள். வஞ்சிரம் என்ன விலை என்று கேட்காத ஆள் உண்டா? கடைசியில் பையில் ஏறுவது சங்கராவும் நெத்திலியும். 2001 முதல் இயங்கும் டிஸ்ட்ரோவாட்ச் எண்ணுவது விலை கேட்டவர்களைத்தான். ஒரு டிஸ்ட்ரோவுக்கென்று அங்கே உள்ள பக்கத்தை ஒரு நாளில் எத்தனை பேர் திறந்தார்கள் என்பதே அந்தக் கணக்கு. இதைப் பயன்பாட்டின் அளவாகக் கொள்ளாதீர்கள் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், ஐயா!

சரி, உலாவியை வைத்து எண்ணலாமே என்பார். உலாவிகள் பெரும்பாலும் 'லினக்ஸ்' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். மிண்டா டெபியனா, எந்த டிஸ்ட்ரோ என்று சொல்லாது. டெபியனில் பாப்கான் என்றொரு கணக்கெடுப்பு உண்டு. விரும்பினால் சேரலாம். நிறுவும்போது கேட்கும் அந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' என்பதுதான் முன்பே தேர்வாகியிருக்கும். என்டரைத் தட்டினால் நீங்கள் கணக்கில் இல்லை. ஃபெடோரா என்ற இன்னொரு டிஸ்ட்ரோவின் முயற்சியை மனதார மதிக்கிறேன். 2020-இல் வந்த 32ஆம் பதிப்பிலிருந்து, யாருடைய கணினி என்று காட்டாமலே, வாரம் ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று அது குரல் கொடுக்கிறது. ஆனால் இணையம் இல்லாத வாரத்தில் அந்தக் குரல் எங்கே போய்ச் சேரும்?

எங்கள் தெருவில் மாலை வகுப்பு நடத்துகிறோம். ஆறு பழைய கணினிகள். நான்கில் லினக்ஸ் மிண்ட், எல்லாம் ஒரே பென்டிரைவில் இருந்து போட்டது. பதிவிறக்கம் ஒன்று, கணினி நான்கு! இணையம் வேண்டுமென்றால் ஒரு அக்காவின் செல்போன் ஹாட்ஸ்பாட்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஆறு கணினிக்கும் ஒரே இணைய முகவரி. மீதி இரண்டும் 32-பிட் என்ற பழைய வகைச் செயலி கொண்டவை, டெபியன் 12-இல் ஓடுகின்றன.

2025-இல் டெபியன் 13 வந்தது. அதில் 32-பிட் பழைய கணினிகளுக்கு நிறுவி, அதாவது கணினியில் ஏற்றித் தரும் மென்பொருள், இல்லை. உழைக்கிற தன்னார்வலர்களை நான் குறை சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிகிறவர்களை வைத்துத்தானே யாரும் முடிவெடுக்க முடியும்? அந்த இரண்டு கணினியில் தமிழ்த் தட்டச்சு கற்ற பிள்ளைகள் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணன் கையில் இருக்கும் பட்டியலில் இவர்கள் எத்தனையாவது வரியில் வருகிறார்கள்? நடுவர் அவர்களே, கேட்டுச் சொல்லுங்கள்.