ஊசி குதித்த தட்டு
(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கல்யாண முகூர்த்த நாளிலும் நமக்காக நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, விடுமுறை என்றும் பாராமல் கதவைத் திறந்துவைத்த நூலகர் அம்மா அவர்களே, மைக் செட் தம்பி, சுவரோரம் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த செயலாளருக்குத் தனி நன்றி. நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள்.

லெட் செப்பலின் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் இரண்டாவது ஆல்பத்தைப் பற்றி மூன்று விஷயங்கள் சொல்லப்போகிறேன். அது உருவான விதம், அதைக் கேட்க வேண்டிய விதம், ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையைத் தந்த கலைஞர்களிடம் அது பட்ட கடன்.

முதல் ஆல்பம் 1969 ஜனவரியில் வந்தது. இரண்டாவது அதே ஆண்டு அக்டோபரில். நடுவில் ஓயாத கச்சேரிப் பயணம். லண்டன், லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் என்று போன ஊரில் கிடைத்த ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். இவர்களுக்கு ஆக்கவே நேரமில்லை! இருந்தும் அமெரிக்காவில் பீட்டில்ஸின் 'அபே ரோடு' ஆல்பத்தையே முதலிடத்திலிருந்து இறக்கியது இது.

இப்போது ஒரு கதை. பாப் லட்விக் (ராபர்ட் லட்விக்) என்ற இளைஞர்தான் இசைத்தட்டுக்கான மூலத் தட்டில் வரிப்பள்ளத்தை வெட்டியவர். பாட்டின் பலம் அப்படியே வரட்டும் என்று சத்தத்தைக் குறைக்காமல் வெட்டினார். சத்தம் கூடினால் தட்டின் வரிப்பள்ளம் அகலமாக நெளியும். நல்ல பிளேயரில் ஊசி அந்த நெளிவோடு போகும், மலிவான பிளேயரில் எகிறிவிடும். ஆல்பத்தை வெளியிட்ட அட்லாண்டிக் கம்பெனியின் தலைவர் அகமத் எர்டெகன் புதுத் தட்டை ஆசையாக மகளிடம் கொடுத்தாராம். அந்தக் குழந்தையிடம் இருந்தது சின்னப் பிளேயர். ஊசி குதித்தது! (சிரிப்பு) அப்பா என்ன செய்வார்? பிளேயரை மாற்றுவாரா? தட்டையே மாற்றச் சொல்லிவிட்டார். சத்தம் குறைத்து மறுபடி வெட்டினார்கள். இந்தக் கதையை லட்விக்கே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்றைக்குத் தட்டு சேகரிப்பவர்கள் லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தைச் சாய்த்துப் பிடித்து, ராபர்ட் லட்விக்கின் முதலெழுத்துகளான ஆர்.எல். என்ற கீறல் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். அந்தப் பழைய வெட்டுக்குத்தான் விலை.

வீட்டுக்கு வீடு இப்போது அந்தச் சின்னப் பிளேயர்தான், போன் என்ற பெயரில். பாட்டு தொடங்கிப் பத்து வினாடியில் அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறோம். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

முதல் பாட்டு 'ஹோல் லாட்டா லவ்'. முடிவை நெருங்கும்போது வாத்தியம் ஓய்ந்து குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட் தனியாகப் பாடுவார். அந்த வரி வருமுன்பே அதே குரல் தூரத்திலிருந்து மங்கலாகக் கேட்கும். வேறொரு தடவை பாடிய குரல் நாடாவில் கசிந்திருந்தது. அதை நீக்க முடியவில்லை. குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜும் ஒலிப்பதிவாளர் எடி கிராமரும் அதன்மேல் எதிரொலியைச் சேர்த்து அழகாக்கிவிட்டார்கள். போன் ஸ்பீக்கரில் இதைக் கேட்டுப் பாருங்கள், ஒன்றும் இருக்காது. அதோடு, முதல் பக்கம் 'தேங்க் யூ'வில் அடங்கும். எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டால் 'ஹார்ட்பிரேக்கர்' கிட்டார் மூஞ்சியில் அறையும். அந்த எழுந்துபோகிற நேரமும் ஆல்பத்தில் சேர்த்திதான்.

அதனால்தான் கேட்கிறேன், உறுப்பினர் அவர்களே. இந்த நூலகத்தின் மாடி அறையில் உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன. அதைக் கேட்பறையாக மாற்றித் தாருங்கள். ஒரு பிளேயர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு பாய் போதும். வாரம் ஒரு ஆல்பம், தொடக்கத்திலிருந்து கடைசிவரை. தேவாரமும் வைப்போம், தவிலும் வைப்போம், ராக்கும் வைப்போம்.

மூன்றாவது விஷயம், கடன். 'ஹோல் லாட்டா லவ்' தன் பாட்டிலிருந்து எடுத்தது என்று ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985ல் வழக்குப் போட்டார், 1987ல் சமரசமானது, பாட்டில் அவர் பெயரும் சேர்ந்தது. அதற்கே ஒரு மாலை வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார், சரி. மாடி அறைக்கான மனு வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டால் மற்றவர்கள் வரிசையில் வருவார்கள். பேனா என்னிடம் இருக்கிறது.