புயல் நேரலை உயிர் காக்கிறது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'புயல் நேரத் தொலைக்காட்சி நேரலை மக்களைக் காக்கிறதா, கலங்கடிக்கிறதா?' காக்கிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் கேட்டார்: "காற்று வலுத்ததும் கரண்டை நிறுத்திவிடுவார்கள். இருட்டு வீட்டில் எந்த டிவி யாரைக் காக்கும்?" சரி, நியாயமான கேள்வி. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் சென்னையைக் கடந்த நாளையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பகுதியில் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. பிற்பகலில் பேயாட்டம் ஆடிய காற்று திடீரென்று அடங்கியது. புயல் ஓய்ந்தது என்று நம்பி, பைக் மேல் விழுந்த கிளையை இழுக்க நாலைந்து பேர் தெருவில் இறங்கிவிட்டார்கள். அப்போது திண்டுக்கல்லிலிருந்து சித்தப்பா போன் போட்டார். "டிவியில சொல்றாங்க, புயலோட கண்ணு, அதான் காத்து அடங்கிக் கிடக்குற நடுப்பகுதி, இப்போ உங்க தலைக்கு மேல இருக்கு. யாரும் வெளிய வராதீங்க, மறுபடி எதிர்ப்பக்கத்துலேர்ந்து அடிக்கும்!" அம்மா பால்கனியில் நின்று கத்திய கத்தலில் அத்தனை பேரும் உள்ளே ஓடினார்கள். அதுவரை வடக்கிலிருந்து வீசிய காற்று, கண் நகர்ந்ததும் தெற்கிலிருந்து பாய்ந்தது. வேர் ஆட்டம் கண்டு நின்ற மரங்கள் இரண்டாவது அடியில் விழுந்தன. கரண்ட் இல்லாத வீட்டுக்கும் நேரலை வந்து சேர்ந்தது நடுவர் அவர்களே, சொந்தக்காரர் குரலில்!

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்குப் போய், புயல் அலையில் அடித்துச் செல்லப்பட்ட பாசஞ்சர் ரயிலை நினைத்துப் பாருங்கள். எதிரே கடல் ஏறி வருவதை அந்தப் பயணிகளிடம் சொல்ல ஆளில்லை. சென்னைக்குத் தொலைக்காட்சி நிலையம் வந்ததே 1975-ல்தான்.

அப்புறம் 2018 நவம்பரில் கஜா. கரையைக் கடக்கும் முன்பே 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குப் போய்விட்டார்கள். வீடு வீடாகப் போய் அழைத்த அரசு ஊழியர்களின் உழைப்பு அது, மறுக்கவில்லை. ஆனால் ஆட்டையும் மாட்டையும் விட்டு வர யாருக்குத்தான் மனசு வரும்? புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நெருங்கி வருவதைத் திரையில் மணிக்கு மணி பார்த்தவரிடம், கதவைத் தட்டுகிறவர் அதிகம் வாதாட வேண்டியதில்லை.

செய்தியாளரை அலைக்கு நடுவே நிறுத்திப் பேசவைப்பது தவறு என்றார் நண்பர். நானும் அதைத்தான் சொல்கிறேன். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளை. அவரைக் கட்டடத்துக்குள் அழைத்துக்கொள்ளுங்கள், திரையில் சென்னை, காரைக்கால் ரேடார் படங்களைக் காட்டுங்கள், எந்த ஊருக்கு எத்தனை மணிக்குக் காற்று வரும் என்று சொல்லுங்கள். திருத்த வேண்டியதைத் திருத்தச் சொல்லித் தீர்ப்பளியுங்கள் நடுவர் அவர்களே; நேரலையே வேண்டாம் என்ற எதிரணியின் வாதத்தை மட்டும் ஏற்றுவிடாதீர்கள். நன்றி.