தூக்கு இல்லாத திருவிதாங்கூர்

பெரியவர்களே, தாய்மார்களே, இளம் வக்கீல்களே,

எங்கேயாவது ஒரு கொடூரக் கொலை நடந்துவிட்டால், தக்கலையிலிருந்து களியக்காவிளை வரை டீக்கடைகளில் ஒரே பேச்சுதான்: "அவனைத் தூக்கில போடணும்." அந்தக் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தவர் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தூக்குக்கயிறு அடுத்த கொலையைத் தடுக்குமா? அதற்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது.

நம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் நான்கும் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். 1944-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆட்சியில் மரண தண்டனையை எடுத்துவிட்டார்கள். அரசியல் சட்டம் வந்தபின் அது திரும்ப வந்தது. தூக்கு இல்லாத 1945 முதல் 1950 வரை திருவிதாங்கூர் முழுவதும் 962 கொலைகள். தூக்கு இருந்த 1950 முதல் 1955 வரை 967. கயிறு வந்ததால் ஒரு உயிர்கூட மிஞ்சியதாக இந்தக் கணக்கில் தெரியவில்லை.

இன்று நாட்டில் மரண தண்டனைக் கைதிகள் சில நூறு பேர். அவர்களைப் பற்றித்தான் ஓயாமல் வாதம். 2022 முடிவில் சிறைகளில் இருந்தவர்களோ 5,73,220 பேர். நூறு பேருக்கான இடத்தில் 131 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று எந்த நீதிபதியும் இன்னும் சொல்லாதவர்கள்! என் மனதை அறுப்பது இதுதான்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 479-ஆவது பிரிவு, முதல்முறை வழக்கில் சிக்கியவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் ஜாமீனில் விடச் சொல்கிறது. நல்ல காரியம். ஆனால் தூக்கோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றச்சாட்டு என்றால் அந்தக் கதவு திறக்காது. வாய்தா மேல் வாய்தாவாக வருடங்கள் ஓடும். கடைசியில் விடுதலை என்று தீர்ப்பு வந்தால் அந்த வருடங்களை யார் திருப்பித் தருவார்? இறந்தவரின் குடும்பமும் அதே கோர்ட்டு வராந்தாவில்தான் காத்துக் கிடக்கிறது. தீர்ப்பு தாமதமாகத் தாமதமாகத்தான் தூக்குக் கேட்கும் குரலும் ஓங்குகிறது.

இன்னொரு கூட்டம், ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவரை நினைத்துப் பாருங்கள். எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறார். ஜாமீன்தாரர் இரண்டு பேர், நிலத் தீர்வை ரசீதோடு வரவேண்டும் என்றால் எங்கே போவார்? சொந்தத்தில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. அவர் மனைவி ரேஷன் கார்டை நெஞ்சோடு பிடித்தபடி வக்கீல் வக்கீலாக ஏறி இறங்குவார். 1978-லேயே மோத்தி ராம் என்ற ஏழைக் கொத்தனார் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இந்த அநியாயத்தைக் கண்டித்துவிட்டார். ஜாமீன் உத்தரவாகி ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர், இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டிருக்கிறது.

இளம் வக்கீல்களே, நாகர்கோவில் ஜெயிலுக்கும் பாளையங்கோட்டைக்கும் போய் இந்த ஏழு நாள் கணக்கைக் கேளுங்கள். தாய்மார்களே, உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் ஜாமீன் உத்தரவு நகலோடு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கு அங்கே வக்கீல் இலவசம்.