கொல்லைப்புற வழியாக வந்த பென்குயின்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரையை ஆண்ட்ராய்டு கைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியென்றால், விண்டோஸைப் போலக் கருவிகளை இயக்கும் அடிப்படை மென்பொருளான லினக்ஸை நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்துபவர். எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சியிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். தன் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் அதெல்லாம் போடலையே தம்பி. வாங்கும்போதே இருந்துச்சோ?" என்றார். ஆமாம் அண்ணாச்சி, வாங்கும்போதே இருந்தது. ஆண்ட்ராய்டின் அடியில் ஓடும் கெர்னல், அதாவது மையக்கரு, லினக்ஸ்தான். 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு கைபேசி வந்ததிலிருந்தே அப்படித்தான்.

எங்களைப் போன்ற லினக்ஸ் பைத்தியங்கள் இருபது ஆண்டுகளாக ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தோம். அடுத்த பொங்கலுக்குள் எல்லார் வீட்டு மேசைக் கணினியிலும் லினக்ஸ் வந்துவிடும் என்று. பொங்கல் வரும், போகும். பென்குயின் வராது. லினக்ஸின் சின்னம் ஒரு குண்டுப் பென்குயின் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வாசலில் கோலம் போட்டுக் காத்திருந்தோம். அதுவோ கொல்லைப்புறமாகப் புகுந்து கைபேசி, தொலைக்காட்சிப் பெட்டி, வீட்டு வைஃபை ரூட்டர் என்று ஒவ்வொன்றிலும் உட்கார்ந்துவிட்டது. உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலை எடுத்தால், 2017 நவம்பரிலிருந்து அத்தனையும் லினக்ஸ். 2021 ஏப்ரலில் செவ்வாய்க் கோளில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரிலும் அதுவே.

இத்தனைக்கும் தொடக்கம் மிக எளியது. 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக அறிவித்தார். இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக எல்லாம் வராது என்றும் சேர்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு 21 வயது.

லினக்ஸைத் திறமூல மென்பொருள் என்கிறார்கள். சரி, திறமூலம் என்றால் என்ன? விதை நெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய விதையை நீங்கள் விதைக்கலாம், நல்ல கதிராகப் பொறுக்கி அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்கலாம், பக்கத்து வயல்காரருக்கும் கொடுக்கலாம். ஆண்டுதோறும் கம்பெனியிடம் போய் நிற்க வேண்டாம். திறமூல மென்பொருளின் நிரலையும் இப்படியே பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். லினக்ஸின் உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் மேம்படுத்திய விதையை அடுத்தவருக்குக் கொடுத்தால், உங்களுக்குக் கிடைத்த அதே உரிமைகளோடு கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை வகுத்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய இயங்குதளத்தை உருவாக்கும் குனூ திட்டத்தை 1983-லேயே அறிவித்தவர். அவர் உழுது வைத்த நிலத்தில்தான் லினஸின் கெர்னல் முளைத்தது.

தமிழுக்கு இதில் நேரடி லாபம் கிடைத்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வெளிநாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள் லினக்ஸின் மேசைத் திரைகளைத் தமிழாக்கத் தொடங்கினார்கள். எந்தக் கம்பெனியிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை. கோப்பு, சாளரம் என்பதில் எல்லாரும் ஒத்துப்போனாலும், மவுஸுக்கு எலியா சுட்டியா என்று நண்பர்களுக்குள் விடிய விடியச் சண்டை நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். நான் எலிக் கட்சி. தோற்றுவிட்டேன்.

என் கதைக்கு வருகிறேன். உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பு 2004 அக்டோபரில் வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் குறுந்தகட்டை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள், தபால் செலவும் அவர்களுடையது. நான் பத்து கேட்டேன், பத்தும் வந்தன. வெளிநாட்டுத் தபால் வந்ததில் எங்கள் தெருவில் எனக்குக் கொஞ்ச நாள் மரியாதை கூடியது. பத்தையும் பத்துப் பேருக்குக் கொடுத்தேன். அதில் ஒன்று மின்னிக்கொண்டு ஒரு நண்பரின் கொல்லையில் தொங்கியது. கேட்டால், கொய்யாவைக் கிளி கொத்தாமல் இருக்க என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு லினக்ஸ் படுத்திய பாடு கொஞ்சமல்ல. தொலைபேசி இணைப்பில் இணையம் பார்த்த காலம். கணினிக்குள் செருகும் மலிவு மோடம்களில் பல, தங்கள் வேலையில் பாதியை விண்டோஸின் தலையில் கட்டிவிடும் ரகம். லினக்ஸில் அவை வெறும் தகரம். இணையத்தை ஓடவைக்க வழி தேட வேண்டும், அந்த வழி இருப்பதோ இணையத்தில்! பிரவுசிங் சென்டருக்குப் போய் நோட்டில் கட்டளைகளை எழுதிக்கொண்டு வந்து, வீட்டில் தட்டச்சு செய்து, ஒரு புள்ளி விட்டுப்போனதால் மறுபடி பிரவுசிங் சென்டருக்கு நடந்திருக்கிறேன்.

அப்போதெல்லாம் பெரிய நிறுவனங்களின் எதிர்ப்பும் கடுமை. 2001-இல் மைக்ரோசாப்டின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். அதே நாற்காலிக்கு 2014-இல் வந்த சத்யா நாதெல்லா, மைக்ரோசாப்ட் லினக்ஸை நேசிக்கிறது என்றார். இது மனமாற்றம் என்று நான் நம்பவில்லை, கணக்கு. வாடகைக்கு விடும் சர்வர்களில் வாடிக்கையாளர்கள் கேட்டது லினக்ஸை.

ஆனால் மேசைக் கணினியின் கதவைத் திறந்தது வேறொன்று என்பேன். பிரவுசர். வங்கி, ரயில் முன்பதிவு, மின்கட்டணம், மின்னஞ்சல் எல்லாம் பிரவுசருக்குள் போய்விட்டன. அதன் அடியில் ஓடுவது எது என்ற கேள்வியே பலருக்கு இல்லாமல் போயிற்று. அப்புறம் 2025 அக்டோபர் 14 வந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு அன்றோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது பாதுகாப்புச் சில்லும் புதிய பிராசஸரும் கேட்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் பல ஒரே நாளில் கிழடாகிவிட்டன.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மடிக்கணினிக்கும் இந்த நிலைதான். கடையில் புதிது வாங்கச் சொன்னார்களாம். "இதுக்கு என்னப்பா குறை? விசைகூடத் தேயல," என்று என்னிடம் கொண்டுவந்தார். லினக்ஸ் மிண்ட் என்ற பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் அப்படியே ஓட்டிக் காட்டினேன். வைஃபை தானாகப் பிடித்துக்கொண்டது. நோட்டும் கையுமாக நடந்தவன் நான், கண் கலங்காத குறை. சார் அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. ஓய்வூதியம் வரும் வங்கிப் பக்கம் திறக்கிறதா, தமிழ்99 விசைப்பலகை உண்டா, இரண்டே கேள்விகள். இரண்டுக்கும் ஆமாம். "அப்ப போடுப்பா," என்றார். லினக்ஸ் என்ற சொல்லை அவர் இன்றுவரை உச்சரித்ததில்லை. பொது ஏற்பு என்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் எங்கள் இயக்கத்தில் சேரவில்லை, ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கிறார்.

பையன்கள் வேறு வழியாக வருகிறார்கள். 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி லினக்ஸில் ஓடுகிறது. விண்டோஸுக்கு எழுதிய விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் என்ற ஏற்பாடு அதன் உயிர்நாடி. "லினக்ஸில் கேம் ஓடாது" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த என் அக்கா மகன், இப்போது எனக்கே பாடம் நடத்துகிறான்.

அரசுகளைப் பற்றிச் சொல்வதானால் கேரளத்தைச் சொல்ல வேண்டும். அங்கே அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கணினி படிப்பதே லினக்ஸில்தான். பாடப்புத்தகம், செய்முறைத் தேர்வு, ஆசிரியர் பயிற்சி மூன்றையும் சேர்த்துக் கட்டினார்கள். நம் ஊரிலும் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பதிப்பு அது. எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பலர் அதைத் திறந்ததே இல்லை. சிலர் இடம் அடைக்கிறது என்று அழிக்கச் சொன்னார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. பாடத்தில் வராத ஒன்றை யார் திறப்பார்கள்? ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. அதே நாட்டில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் சுமார் 30,000 அலுவலகக் கணினிகளை மாற்றப்போவதாக அறிவித்தது. இப்படி ஏறியும் இறங்கியும்தான் போகும்.

எல்லாருக்கும் இது பொருந்துமா? பொருந்தாது. பழைய தமிழ் எழுத்துருக்களையும் போட்டோஷாப்பையும் நம்பிப் பிழைக்கும் டிடிபி கடைக்காரரை மாறச் சொல்ல மாட்டேன். டாலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதுபவரையும்தான். கைபேசியிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அடியில் இருப்பது விதை நெல்தான், ஆனால் வயலைச் சுற்றி முள்வேலி. சொந்தக் கைபேசியில் வேண்டாத செயலியை நீக்கக்கூடச் சிலவற்றில் விடுவதில்லை. அதை முழு வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் பழைய கணினி பரண்மேல் கிடந்தால், இந்த வாரம் இறக்கிப் பாருங்கள். 4 ஜிபி நினைவகம் இருந்தாலே மிண்ட் ஓடும். முதலில் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் மட்டும் நிறுவுங்கள். நிறுவும் முன் உங்கள் படங்களையும் கோப்புகளையும் வேறொரு டிரைவில் எடுத்து வையுங்கள். 2006-இல் என் மைத்துனர் கணினியில் நான் அவசரப்பட்டுத் தவறான பொத்தானை அழுத்தினேன். அதில் இருந்தவை அவருடைய கல்யாணப் படங்கள். இன்றைக்கும் விசேஷ வீடுகளில் எனக்கு அவர் பக்கத்தில் இலை போடுவதில்லை.

வணக்கம்.