சீகன்பால்குக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது யார்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இந்தத் தடவை வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னை விடவே இல்லை. மத்ததையெல்லாம் அடுத்த பதிவுக்குத் தள்ளி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். கேட்டிருக்கறது ஒரு கல்லூரி மாணவி. ஜெர்மனியிலேர்ந்து தரங்கம்பாடிக்கு வந்த கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கைப் பத்தின கேள்வி. அப்படியே படிக்கிறேன்: "ஐயா, தரங்கம்பாடி பற்றிய பேச்சில், சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கினார், 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார் என்று சொன்னீர்கள். நடுவில் என்ன நடந்தது? ஒரு எழுத்துகூடத் தெரியாமல் வந்தவர் முதல் நாள்களில் என்ன மொழியில் பேசினார்? இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கற்றுக்கொண்டார்?"

நல்ல கேள்வி, அம்மா. நான் பேசும்போது நடுவுல இருக்கற அந்த இடத்தைத் தாண்டிப் போயிட்டேன், நீங்க பிடிச்சுட்டீங்க. ரொம்ப சந்தோஷம்.

வந்து இறங்கின நாளிலேர்ந்து ஆரம்பிப்போம். 1705 நவம்பர் கடைசியில கோபன்ஹேகன்ல கப்பல் ஏறினாங்க, சீகன்பால்கும் அவரோட கூட வந்த மதபோதகர் புளுட்சோவும். கப்பல் பேரு சோபியா ஹெட்விக். ஏழு மாசத்துக்கு மேல கடல்லயே இருந்து, 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடி. 1620-இல தஞ்சாவூர் இரகுநாத நாயக்கர்கிட்ட உடன்படிக்கை போட்டு டேனிஷ்காரங்க வாங்கின ஊர் அது, பழைய பேச்சைக் கேட்டவங்களுக்குத் தெரியும். டேனிஷ் அரசரே அனுப்பி வச்ச ஆளுங்க, ஆனா கோட்டையில இருந்த டேனிஷ் வியாபாரக் கம்பெனி அதிகாரிங்களுக்கு இவங்க வந்தது துளியும் பிடிக்கலை. வியாபாரம் கெட்டுப்போகும்னு பயம். மணிக்கணக்கா வெளியில காக்க வச்சாங்க. அப்புறம் தளபதி வந்து, எதுக்கு வந்தீங்கங்கற மாதிரி விசாரிச்சுட்டு, நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டார். கம்பெனியில வேலை பார்த்த ஒருத்தர் இரக்கப்பட்டுக் கூட்டிட்டுப் போய்த் தங்க வச்சார். சீகன்பால்குக்கு அப்ப 24 வயசுகூட நிரம்பலை. சாக்சனியில புல்ஸ்னிட்ஸ்னு ஒரு சின்ன ஊர்ல பிறந்து, அப்பா அம்மாவைச் சின்ன வயசுலயே பறிகொடுத்தவர். உடம்பும் அவ்வளவு திடமில்லை. அந்த ராத்திரி அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

என்ன மொழியில பேசினார்னு கேட்டீங்க இல்லையா? தமிழ்ல இல்லை. ஜெர்மன்லயும் இல்லை. போர்த்துகீஸ்ல! நம்ம கடற்கரையில அப்ப கிட்டத்தட்ட இருநூறு வருஷமா புழங்கின மொழி அது. டேனிஷ்காரர், டச்சுக்காரர், மொழிபெயர்த்துச் சொல்ற துபாஷி, சமையல்காரர், எல்லாருக்கும் பொதுவா இருந்தது கொச்சைப் போர்த்துகீஸ்தான். அதனால இவங்க ரெண்டு பேரும் முதல்ல அதைத்தான் படிக்க உட்கார்ந்தாங்க. கொஞ்ச நாள்லயே ஒண்ணு புரிஞ்சுபோச்சு. போர்த்துகீஸை வச்சுக்கிட்டு கோட்டையைச் சுத்தி இருக்கறவங்ககிட்டதான் பேச முடியும், ஊருக்குள்ள ஒரு வீட்டு வாசல்லகூட நின்னு பேச முடியாது. உடனே வேலையைப் பிரிச்சுக்கிட்டாங்க. போர்த்துகீஸ் புளுட்சோவுக்கு, தமிழ் சீகன்பால்குக்கு.

இனிமேதான் எனக்குப் பிடிச்ச இடம். இதுக்கு முன்னாடியும் சொல்லியிருக்கேன், திரும்பவும் சொல்றேன்: படிச்சவரைப் பத்தியே பேசறோம், சொல்லிக்கொடுத்தவரைப் பார்க்கறதில்லை.

சீகன்பால்கு என்ன செஞ்சார்? வயசான ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பிடிச்சு, "உங்க பள்ளிக்கூடத்தை என் வீட்லயே நடத்துங்க"ன்னு கேட்டுக்கிட்டார். வாத்தியார் பிள்ளைகளோட வந்தார். பிள்ளைகளோட பிள்ளையா இவரும் தரையில உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால அ, ஆ எழுதினார். நம்ம பழைய பள்ளிக்கூடத்துல எழுத்தைக் கண்ணால மட்டும் பார்த்துப் படிக்கிறது கிடையாது. விரல் எழுதும்போதே வாய் உரக்கச் சொல்லணும், பக்கத்துல பத்துப் பேர் சொல்றது காதுல விழும். கை, வாய், காது மூணும் சேர்ந்து வேலை செய்யும். என் தாத்தா அப்படி மணல்ல எழுதிப் படிச்சவர். எண்பது வயசுலயும் யாராவது ஒரு புதுப் பேரைச் சொன்னா, தொடை மேல அவரோட ஆள்காட்டி விரல் தானா அசையும், பேரை எழுதிப் பார்க்கும். நான் சின்னப் பையனா இருந்தப்ப அதையே பார்த்துக்கிட்டிருப்பேன். அந்தப் படிப்பு அவ்வளவு ஆழமா இறங்கும். ஐரோப்பாவுல ஹாலே பல்கலைக்கழகத்துல இறையியல் படிச்ச ஆள், ஐந்து வயசுப் பிள்ளைக்குப் பக்கத்துல சம்மணம் போட்டு உட்கார்ந்து இதைச் செஞ்சார்ங்கறது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாப் படுது.

ஆனா இதுல ஒரு சிக்கல். வாத்தியாருக்குத் தமிழ் தவிர வேற மொழி தெரியாது. எழுத்து வந்துடுச்சு, படிக்க வந்துடுச்சு, அர்த்தம் கேட்டா சொல்ல வழியில்லை. அங்கதான் அழகப்பன் வர்றார். ஜெர்மன்காரங்க ஏடுகள்ல 'அலெப்பா'ன்னு இருக்கும். டேனிஷ் கம்பெனியில துபாஷியா இருந்தவர். போர்த்துகீஸ், டேனிஷ், ஜெர்மன், டச்சு எல்லாம் தெரியும். யோசிச்சுப் பாருங்க, 1706-இல தரங்கம்பாடியில ஒரு தமிழருக்கு நாலு ஐரோப்பிய மொழி! இவரைச் சம்பளத்துக்கு வச்சுக்கிட்டார் சீகன்பால்கு. பள்ளியில விட்டுப்போன அர்த்தமெல்லாம் அழகப்பன் வாயிலேர்ந்து வந்தது.

அதுக்கப்புறம் வேகம்தான். 1707 ஆகஸ்ட் 14-இல எருசலேம் கோவிலைத் திறந்தாங்க, அன்னைக்குத் தமிழ்லயும் பிரசங்கம் நடந்தது. வந்து ஒரு வருஷமும் ஒரு மாசமும்தான் ஆகியிருந்தது. அவரோட அன்றாட வழக்கத்தை அவரே கடிதத்துல எழுதியிருக்கார். காலையில முதல் வேலை, ஏற்கனவே படிச்ச சொற்களைத் திரும்பச் சொல்லிப் பார்க்கறது. எட்டு மணியிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் ஒரு புலவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஓலை படிக்கிறது. சாயங்காலம் விளக்கு வெளிச்சத்துல கண்ணு கெடக்கூடாதுன்னு, வேற ஒருத்தரைப் படிக்கச் சொல்லிக் கேட்கறது. எந்த ஆசிரியரோட நடை தனக்கு வரணும்னு நினைக்கிறாரோ, அவரோட நூலையே நூறு தடவை வரைக்கும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கார். 1708-க்குள்ள உரைநடைச் சொற்கள் 20,000 சேர்த்தாச்சு. செய்யுள் சொற்களுக்குத் தனி அகராதி, அதுல 17,000. அதுக்காகப் புலவர்களையும் எழுத்தர்களையும் மாசக்கணக்கா வீட்லயே வச்சிருந்தார். தான் படிச்ச, சேகரிச்ச ஏடுகளுக்கு ஒரு பட்டியல் போட்டார் பாருங்க, அதைப் பத்தித் தனியாவே பேசியிருக்கோம். நம்ம சமய, இலக்கிய நூல்கள் மட்டும் அதுல 119.

அதே 1708-இல அவர் ஜெர்மன்ல மொழிபெயர்த்தது எதைன்னு நினைக்கிறீங்க? நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி! ஏன் இந்த மூணு? எல்லாரும் "அறநூல்கள்ல ஈடுபாடு"ன்னு எழுதுவாங்க. தப்பில்லை. ஆனா இதெல்லாம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பாடம். வாத்தியார் சொல்லச் சொல்லப் பிள்ளைங்க கத்தினதுதான் இது. "ஓதாமல் ஒருநாளும் இருக்க வேண்டாம்"னு உலகநீதி ஆரம்பிக்கும், அதை அந்த வீட்ல தினமும் கேட்டுக்கிட்டே இருந்திருக்கார். அந்த மொழிபெயர்ப்புகளைப் பார்த்தா, எந்த வகுப்புல உட்கார்ந்தார்னு தெரிஞ்சுபோகும். எனக்கு இதுல சந்தேகமே கிடையாது.

1716-இல ஹாலேயில லத்தீன்ல அவரோட தமிழ் இலக்கணம் அச்சாச்சு. 1719-இல 36 வயசுல இறந்துட்டார். தரங்கம்பாடியில அவர் கட்டின கோவில்லயே அடக்கம். இதெல்லாம் எல்லாரும் எழுதியிருக்காங்க, நான் நீட்டலை.

நீங்க "எப்படிக் கற்றுக்கொண்டார்"னு கேட்டீங்க. "கற்றுக்கொடுத்தவங்க என்ன ஆனாங்க"ன்னு ஒருத்தராவது கேட்கமாட்டாங்களான்னு ரொம்ப நாளா எனக்கு ஏக்கம். அதனால அதையும் சொல்லிடறேன். அழகப்பன் ஊரை விட்டே போக வேண்டி வந்தது. தஞ்சாவூர்ல பிடிச்சு விலங்கு போட்டாங்க. நம்ம சமய விஷயங்களையெல்லாம் இந்த வெளிநாட்டுக்காரனுக்குச் சொல்லிக்கொடுத்துட்டான்ங்கறதுதான் குற்றச்சாட்டு. சீகன்பால்கும் 1708 கடைசியில கோட்டையில நாலு மாசம் சிறையில இருந்தார், அது எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. அழகப்பன் பட்டதை எத்தனை புத்தகத்துல பார்த்திருக்கீங்க? எனக்கு மனசு ஆறவே இல்லை.

அதுக்கப்புறமும் அழகப்பன் விலகிப் போகலை. 1712-லேர்ந்து சீகன்பால்கும், பின்னாடி வந்த இன்னொரு மதபோதகர் கிரண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில் வாங்கினாங்க: உங்க கடவுள் யாரு, கல்யாணம் எப்படி, வைத்தியம் எப்படி, ஐரோப்பியர்களைப் பத்தி என்ன நினைக்கிறீங்க. அப்படி வந்த 99 கடிதங்கள் ஹாலேயில ஜெர்மன்ல அச்சாகியிருக்கு. அதுல பலதுல அழகப்பன் கை இருக்குன்னு ஆய்வாளர்கள் கருதறாங்க. ஐரோப்பியர்களைப் பத்திக் கேட்ட கேள்விக்கு வந்த பதில்கள் ரொம்பத் துணிச்சலா இருக்கும். அந்தக் கடிதங்கள்ல சிலதை எடுத்து வச்சிருக்கேன். கேள்வி கேட்ட மாணவி அவசியம் பார்க்கணும், அடுத்த பதிவுல அதைத்தான் படிக்கப்போறேன்.