பி.டி. பீரியட்ல நீச்சல் சொல்லித் தர்ற நாடுகள்

நேயர்களே, எல்லாருக்கும் வணக்கம். வெவ்வேறு நாட்டுல விளையாட்டும் உடற்கல்வியும் எப்படி இருக்குன்னு ஒப்பிட்டுப் பேசச் சொல்லி நிலையத்துலேருந்து கேட்டிருந்தாங்க. பெரிய விஷயம் அது, ஜெர்மனிக்காரங்க கம்பியில தொங்கிப் பழகுனதுல ஆரம்பிச்சு இங்கிலாந்து கிரிக்கெட் வரைக்கும் போகலாம், ஆனா இருக்கிற நேரத்துல அத்தனையும் தொட்டுட்டு ஓடுனா எதுவும் மனசுல நிக்காது, அதனால நான் ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கிறேன், நீச்சல். ரொம்ப வருஷம் பி.டி. டீச்சரா வேலை பார்த்தவ நான். ஒரு நாடு தன் பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லித் தருதா, தந்தா யாருக்கெல்லாம், எதுக்காக, யார் காசுல, இதைப் பார்த்தாலே அந்த நாடு விளையாட்டை என்னவா நினைக்குதுங்கிறது பாதி தெரிஞ்சிரும்.

முதல்ல நெதர்லாந்து. அந்த நாட்டுல கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழ இருக்கு, தெருவுக்குத் தெரு வாய்க்கால், வாசலைத் தாண்டுனா தண்ணி. 1953ல வெள்ளம் வந்து 1,836 பேர் செத்த நாடு அது. அங்க பிள்ளைக்கு நாலஞ்சு வயசு ஆச்சுன்னா நீச்சல் வகுப்புல சேர்த்துருவாங்க. ஏ, பி, சி-ன்னு மூணு டிப்ளமா இருக்கு. பரீட்சை எப்படின்னா, பிள்ளை நீச்சல் உடையில மட்டும் நீந்துனா போதாது, சட்டை பேன்ட் ஷூவெல்லாம் போட்டுக்கிட்டு தண்ணிக்குள்ள குதிக்கணும், குதிச்சு நின்ன இடத்துலயே மிதக்கணும், அப்புறம் தண்ணிக்குள்ள ஒரு படுதா தொங்க விட்டிருப்பாங்க, அதுல ஒரு ஓட்டை இருக்கும், முங்கி அந்த ஓட்டை வழியா நுழைஞ்சு வரணும். டிப்ளமா ஏறஏற உடுப்பும் கூடும், சி-க்கு ஜாக்கெட்டோட நீந்தணும். ஏன்னு யோசிச்சுப் பாருங்க, வாய்க்கால்ல தவறி விழுற பிள்ளை நீச்சல் டிரஸ் மாட்டிக்கிட்டா விழும்? பள்ளிக்கூடத்துக்குப் போற கோலத்துல தான் விழும். எத்தனை செகண்டுல நீந்துனேன்னு அந்தப் பரீட்சையில யாரும் கேக்கிறதில்ல. இதை முதல்ல கேள்விப்பட்டப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, ஏன்னா நாங்க படிச்ச பி.டி. படிப்புல நீச்சல்னாலே ஸ்டைலும் டைமிங்கும்தான்.

ஆனா அங்கயும் குறை உண்டு. பள்ளிக்கூடத்து மூலமா எல்லாருக்கும் நீச்சல்ங்கிற கட்டாயத்தை 1985ல எடுத்துட்டாங்க, இப்ப பெரும்பாலும் அப்பா அம்மா காசு கட்டித்தான் சேர்க்கணும், சில ஊர்ல மட்டும் நகராட்சி உதவி செய்யுது. விளைவு என்னன்னா, கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைங்க, வெளிநாட்டுலேருந்து வந்து குடியேறின வீட்டுப் பிள்ளைங்ககிட்ட டிப்ளமா கம்மி. தண்ணி எல்லாருக்கும் பொதுவா கிடக்கு, பாடம் மட்டும் காசு உள்ளவனுக்குன்னு ஆயிடுது.

அடுத்தது ஐஸ்லாந்து, மொத்த ஜனத்தொகையே 4 லட்சம் கிட்டத்தான், மீன்பிடிச்சு வாழ்ந்த நாடு. துடுப்பு போடுற திறந்த படகுல அந்தக் குளிர்க் கடலுக்குப் போயி கரைக்குப் பக்கத்துலயே படகு கவிழ்ந்து செத்தவங்க எத்தனையோ பேர், நீந்தத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி. 1940ல பள்ளியில நீச்சல் கட்டாயம்னு சட்டம் போட்டாங்க. இப்பவும் பத்தாம் வகுப்பு வரைக்கும் நீச்சல் பாடம் உண்டு. பூமிக்குள்ளேருந்து வர்ற வெந்நியை வச்சே சின்னச் சின்ன ஊர்லயும் குளம் கட்டி வச்சிருக்காங்க, வெளிய பனி கொட்டும், பிள்ளைங்க வெந்நியில நீந்திக்கிட்டிருக்கும்.

அங்க 1984 மார்ச்ல ஒண்ணு நடந்துச்சு. வெஸ்ட்மன்னா தீவுகள் பக்கத்துல ராத்திரி ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்துச்சு, 5 பேர் இருந்தாங்க. குட்லாய்குர்னு 22 வயசுப் பையன், தண்ணியோட குளிர் 5, 6 டிகிரி, அதுல 5, 6 மணி நேரம் நீந்திக் கரை சேர்ந்தான், அப்புறம் கண்ணாடிச் சில்லு மாதிரி கூரா இருக்கிற எரிமலைப் பாறை மேல வெறுங்காலோட நடந்து ஊருக்குள்ள வந்தான். மத்த 4 பேரும் பிழைக்கல. டாக்டருங்க சோதிச்சுப் பார்த்துட்டு அவன் தோலுக்கு அடியில இருந்த கொழுப்பு ரொம்ப தடிமன், அதுதான் குளிர்லேருந்து காப்பாத்துச்சுன்னாங்க. உண்மைதான், நீச்சல் மட்டும் காப்பாத்துச்சுன்னு நான் சொன்னா அது பொய். ஆனா நீந்தத் தெரியாம இருந்திருந்தா அந்த உடம்புக்கும் வேலையே இல்லாம போயிருக்கும்ல. இப்பவும் வருஷா வருஷம் அதே மார்ச்ல அந்த ராத்திரியை நினைச்சு அவ்ளோ தூரத்தைக் குளத்துல ஜனங்க நீந்துறாங்க.

இப்ப ஜப்பானுக்கு வர்றேன், இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும். 1955 மே 11, சேட்டோ உள்நாட்டுக் கடல்ல ஷியுன் மாருன்னு ஒரு பயணிகள் கப்பல், ஒரே மூடுபனி, இன்னொரு கப்பல்ல மோதி கொஞ்ச நேரத்துல முங்கிடுச்சு. 168 பேர் செத்துட்டாங்க. அதுல 100 பேர் பள்ளிக்கூடத்துலேருந்து சுற்றுலா வந்த பிள்ளைங்க, அதுலயும் பெரும்பாலும் பொம்பளப் பிள்ளைங்க. ரெண்டு மாசம் கழிச்சு அதே வருஷம் ஜூலையில, மியே மாநிலத்துல சு-ங்கிற ஊர்ல, ஒரு பள்ளிக்கூடம் நீச்சல் சொல்லிக்குடுக்க மாணவிகளைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கு, அங்க 36 பொம்பளப் பிள்ளைங்க அலையில போயிட்டாங்க. ஒரே வருஷத்துல ரெண்டு. அந்த நாடு அப்ப போர்ல தோத்து பத்து வருஷம்தான் ஆகுது, கையில காசு இல்ல. நீச்சல் சொல்லிக்குடுக்கப் போயித்தானே செத்தாங்க, இனிமே தண்ணிப் பக்கமே பிள்ளைங்களை விடக்கூடாதுன்னு ஒரு உத்தரவு போட்டிருந்தா யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. அவங்க எடுத்த முடிவு வேற. கடல்ல வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குள்ளயே குளம் கட்டுவோம்னு இறங்குனாங்க, அரசாங்கம் மானியம் குடுத்துச்சு, அடுத்த இருபது முப்பது வருஷத்துல பெரும்பாலான தொடக்கப்பள்ளியில 25 மீட்டர் குளம் வந்துருச்சு. வகுப்புல எல்லாப் பிள்ளையும் வரிசையா இறங்குது, தங்கம் வாங்கப் போறதும் இறங்குது, தண்ணியைக் கண்டு பயப்படுறதும் இறங்குது. உடுப்போட நீந்துறதும் பல பள்ளியில சொல்லித் தர்றாங்க, அதுல முக்கியமான பாடம் நீந்துறதே இல்ல, மல்லாக்க மிதந்துக்கிட்டு ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்கிறது. ஷூவைக் கழட்டாதே, அது மிதக்க உதவும், காலி பாட்டில் கிடைச்சா நெஞ்சோட அணைச்சுக்கோன்னு சொல்லித் தர்றாங்க.

இப்ப அந்தக் குளங்களுக்கெல்லாம் வயசாகிப்போச்சு, பராமரிக்கச் செலவு, டீச்சருங்களுக்கு வேலைப்பளு, வெயில் வேற ரொம்ப ஏறிப்போச்சு, அதனால பல பள்ளிக்கூடத்துல குளத்தை மூடிட்டு வெளிய இருக்கிற நீச்சல் மையங்களுக்குப் பிள்ளைங்களை பஸ்ல அனுப்புறாங்க. அது போனாப் போகுது, குளம் யாரோடதா இருந்தா என்ன, பாடம் நிக்காம நடந்தா சரி.

அமெரிக்கா கதை இதுக்கு நேர் எதிர். ஒலிம்பிக் நீச்சல்ல அவங்களை மாதிரி மெடல் அள்ளுனவங்க யாரும் இல்ல. அதே நாட்டுல கறுப்பினப் பிள்ளைங்க நீச்சல் குளத்துல முங்கிச் சாகுற விகிதம் வெள்ளைப் பிள்ளைங்களைவிடப் பல மடங்கு. இது எப்படின்னு கேட்டா வரலாறுதான் காரணம். 1920, 30கள்ல ஊருக்கு ஊர் பெரிய பெரிய பொதுக் குளம் கட்டுனாங்க, கறுப்பினத்தவரை உள்ள விடல. 1964 ஜூன்ல ஃப்ளோரிடாவுல செயின்ட் அகஸ்டின்ங்கிற ஊர்ல கறுப்பின இளைஞர்களும் வெள்ளைக்காரப் போராட்டக்காரங்களும் சேர்ந்து ஒரு மோட்டல் குளத்துல இறங்குனாங்க, மேனேஜர் அவங்க நீந்திக்கிட்டிருக்கிற தண்ணியில ஆசிட்டை ஊத்துனான், அந்த போட்டோ உலகம் முழுக்கப் போச்சு. அதுக்கு முன்னாடியே, கோர்ட் தீர்ப்பு வந்து எல்லாரையும் விட்டே ஆகணும்னு ஆனப்புறம், மிசிசிப்பியில ஜாக்சன் நகரம் தன்னோட பொதுக் குளங்களையே மூடிடுச்சு, கூட நீந்துறதுக்கு யாருமே நீந்த வேணாம்னு. அது செல்லும்னு 1971ல உச்ச நீதிமன்றம் 5க்கு 4ன்னு தீர்ப்பும் சொல்லிடுச்சு. வசதி உள்ளவங்க வீட்டுப் பின்னாடி சொந்தக் குளம் வெட்டிக்கிட்டாங்க. பாட்டி நீந்தல, அதனால அம்மா நீந்தல, அந்த அம்மா பயந்துக்கிட்டு பிள்ளையைத் தண்ணிப் பக்கம் விடல, பயம் தலைமுறை தாண்டி வந்துருச்சு. 2016 ரியோவுல சிமோன் மேனுவல் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல்ல தங்கம் வாங்குனாங்க, தனிநபர் நீச்சல்ல ஒலிம்பிக் தங்கம் வாங்குன முதல் கறுப்பின அமெரிக்கப் பெண் அவங்கதான். 2016 வரைக்கும் ஆகியிருக்கு பாருங்க. மெடல் பட்டியலை வச்சு ஒரு நாட்டோட உடற்கல்வியை எடை போடவே கூடாதுன்னு நான் இதனாலதான் அடிச்சுச் சொல்றேன்.

சுவிட்சர்லாந்தைப் பத்தி ஒரு வார்த்தை. அங்க பாசல் நகரத்துல ஒரு முஸ்லிம் குடும்பம், பையன்களோட சேர்ந்து எங்க பொண்ணுங்க நீந்த மாட்டாங்கன்னு மறுத்துட்டாங்க, அபராதம் போட்டாங்க, வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போய் 2017ல பள்ளிக்கூடம் பக்கம் தீர்ப்பாச்சு. தீர்ப்பைவிட எனக்கு முக்கியமாப் பட்டது வேற, உடம்பு முழுக்க மூடுற புர்கினி போட்டுக்கிட்டு வரலாம்னு அந்தப் பள்ளிக்கூடம் முன்னாடியே சொல்லியிருந்துச்சு. என்ன உடுப்பு வேணா போட்டுக்கோ, ஆனா தண்ணியில இறங்குங்கிறாங்க. பொம்பளப் பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லித்தர நினைக்கிற எந்த ஊரும் இந்த இடத்துலேருந்துதான் ஆரம்பிக்கணும்.

ஏன்னா நம்ம ஊர்லயும் சிக்கல் அங்கதான் இருக்கு. நமக்கு நீச்சல் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. இலங்கையில வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971ல பாக் நீரிணையைப் போயிட்டுத் திரும்பியும் நீந்துனவர், ஈரோட்டுல பிறந்த குற்றாலீஸ்வரன் பன்னெண்டு பதிமூணு வயசுல 1994ல ஒரே வருஷத்துக்குள்ள 6 கடல் கால்வாய்களை நீந்திக் கடந்தவர். கிராமத்துல இடுப்புல சுரைக்குடுக்கை கட்டிக் கிணத்துல தள்ளி விட்டுப் பழக்குவாங்க, அப்புறம் லாரி டியூப் வந்துச்சு, இப்ப தெர்மாகோல், பிளாஸ்டிக் கேன். ஆனா அந்தக் கிணத்துப் படியில இறங்குனது யாரு? பெரும்பாலும் பையன்கள்தான். பொண்ணுங்க கரையில நின்னு துணி துவைச்சாங்க. கொஞ்சம் பழகுன பொண்ணையும் பெரிய மனுஷி ஆனதும் நிறுத்திட்டாங்க.

2004 சுனாமிக்கு அப்புறம் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு ஒரு கணக்கு வெளியிட்டுச்சு. கடலூர் மாவட்டத்துல அவங்க சேர்த்த தகவல்படி செத்தவங்க பெண்கள் 391, ஆண்கள் 146. காரணம் ஒண்ணு மட்டும் இல்ல. ஆம்பளைங்க அந்த நேரம் ஆழ்கடல்ல படகுல இருந்தாங்க, அலை அங்க உயரமாத் தெரியல, பொம்பளைங்க கரையில மீனுக்குக் காத்திருந்தாங்க, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓட வேண்டியிருந்துச்சு, புடவை காலைச் சுத்துச்சு, இதோட நீச்சலும் தெரியல. கடற்கரையிலயே பிறந்து வளர்ந்த பெண்களுக்கு நீச்சல் தெரியல. அதே கடலூர் மாவட்டத்துல 2022 ஜூன்ல கெடிலம் ஆத்துத் தடுப்பணையில குளிக்கப் போன 7 பேர் முங்கிப் போனாங்க, ஏழு பேரும் சிறுமிகளும் பெண்களும்தான். இந்த மாதிரிச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் ஒரு பி.டி. டீச்சரா எனக்கு நெஞ்சு அடைக்கும், ஸ்போர்ட்ஸ் டேவுக்கு கோகோ டீமும் ரிலே டீமும் தேத்துறதுல எத்தனை வருஷம் போச்சு, ஒரு வகுப்பு முழுக்க மிதக்கக் கத்துக்கொடுக்கணும்னு நம்ம பாடத்திட்டம் கேக்கவே இல்லையே.

இதைச் சொன்னா உடனே வர்ற பதில், டீச்சர் அதுக்கெல்லாம் குளம் கட்டணும், கோடிக்கணக்குல ஆகும்னு. அதுக்குத்தான் வங்கதேசத்தைப் பத்திச் சொல்லாம நான் முடிக்க மாட்டேன். அவங்களும் ஒண்ணும் பணக்கார நாடு இல்ல, வீட்டுக்கு வீடு குட்டை. அங்க ஸ்விம்சேஃப்னு ஒரு திட்டம், ஊர்க் குட்டையிலயே மூங்கிலை அடிச்சு மேடை கட்டி, சுத்தி வேலி மாதிரி அடைச்சு, அந்தக் கட்டத்துக்குள்ள சொல்லித் தர்றாங்க. சொல்லித் தர்றது அந்த ஊர் இளவட்டங்களே, பயிற்சி குடுத்து வச்சிருக்காங்க. பாஸ் ஆகணும்னா 25 மீட்டர் நீந்தணும், 30 செகண்ட் மிதக்கணும், இன்னொருத்தர் தத்தளிச்சா தண்ணிக்குள்ள இறங்காம எப்படிக் காப்பாத்துறதுன்னும் தெரியணும். கத்துக்கிட்ட பிள்ளைங்க முங்கிச் சாகுறது 90 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருக்குன்னு ஆய்வு பண்ணிக் காட்டியிருக்காங்க. நீந்துற வயசு வராத குழந்தைங்களுக்கு ஆஞ்சல்ங்கிற பேர்ல ஊர்லயே ஒரு பராமரிப்பு இடம், அம்மாக்களுக்கு வீட்டு வேலை அதிகமா இருக்கிற காலை 9 மணிலேருந்து மத்தியானம் 1 மணி வரைக்கும், ஏன்னா குழந்தைங்க குட்டையில விழுறது அதிகமா அந்த நேரத்துலதான். 2021ல ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளா ஐ.நா. அறிவிச்சுச்சே, அந்தத் தீர்மானத்தை அயர்லாந்தோட சேர்ந்து கொண்டு வந்ததும் வங்கதேசம்தான். அந்த 2021ல மட்டும் உலகத்துல சுமார் 3 லட்சம் பேர் முங்கிச் செத்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, கிட்டத்தட்ட கால்வாசி 5 வயசுக்குள்ள இருக்கிற குழந்தைங்க.

நம்ம ஊர்லயும் ஏரி இருக்கு, கம்மாய் இருக்கு, கோயில் குளம் இருக்கு, மூங்கிலுக்கும் பஞ்சமில்ல. தண்ணி அளவு பார்த்து, ஆழத்தை அடைச்சு, பொம்பளப் பிள்ளைங்களுக்குப் பொம்பளைங்களே சொல்லித்தர்ற மாதிரி, சுடிதாரோடயே இறங்கலாம்னு சொல்லி, ஆறாம் வகுப்புப் பி.டி. பீரியட்ல இதைச் சேர்க்கணும்னு கல்வித்துறையில இருக்கிறவங்களை இந்த வானொலி வழியாவே கேட்டுக்கிறேன்.

அது நடக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டிருக்கிற உங்க எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிடுறேன், வர்ற லீவுக்கு உதவும். ஒருத்தர் முங்குறதைப் பார்த்தா, பயிற்சி இல்லாம நீங்க உள்ள குதிக்காதீங்க, ஒரே குடும்பத்துல மூணு பேர் நாலு பேர் போறது இப்படித்தான், முங்குறவங்க பயத்துல காப்பாத்த வந்தவங்க கழுத்தைக் கட்டிப் பிடிச்சுக்குவாங்க. கரையில படுத்துக்கிட்டு கம்பு நீட்டுங்க, இல்லன்னா புடவை வேட்டி துப்பட்டா எது இருக்கோ வீசுங்க, மூடி இறுக்குன காலி தண்ணிக் கேனைத் தூக்கிப் போடுங்க, கத்தி ஆளைக் கூப்பிடுங்க, 108க்கு அடிங்க. பிள்ளைங்க தினமும் குளிக்கிற கிணத்தடியில ஒரு நைலான் கயித்தையும் காத்தடைச்ச டியூபையும் இன்னிக்கே கட்டிப் போட்டு வைங்க. வணக்கம்.