கண்ணாடித் தட்டில் கடுக்காய்

நேயர்களுக்கு வணக்கம். திபெத்திய மருத்துவம் புற்றுநோயைக் கொல்லும் என்று கைப்பேசிக்கு வரும் செய்திகளை நீங்களும் படித்திருக்கலாம். ஒரு மருந்தியல் ஆசிரியனாக, அந்தச் செய்தி சொல்லாமல் விடுவதைப் பற்றிப் பேசுகிறேன்.

தலாய் லாமாவின் மருத்துவராக இருந்த யேஷி தோண்டன், 2000ஆம் ஆண்டையொட்டி, சான் பிரான்சிஸ்கோவில் முற்றிய மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களுக்கான சிறிய சோதனை ஒன்றில் பங்கேற்றார். நாடியும் சிறுநீரும் பார்த்து, ஆளுக்கு ஆள் வேறு மருந்து கொடுப்பது அவர் முறை. எல்லாருக்கும் ஒரே மாத்திரை என்ற நவீனச் சோதனை விதிக்குள் இதை அடைப்பது லேசான காரியமா?

ஆய்வுக்கூடத்தில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே நோயாளியே கிடையாது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட கட்டுரையைப் பாருங்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பத்மா 28. திபெத்தியக் குறிப்பைத் தழுவிச் சுவிட்சர்லாந்தில் தயாராகும் இந்த மாத்திரை, ரத்த ஓட்டக் கோளாறுக்கு உரியது. கடுக்காய், கோஷ்டம், ஏலக்காய், கிராம்பு, அதிமதுரம், வேம்பு என்று நீளும் பட்டியலைப் படித்தால் நம் நாட்டுமருந்துக் கடைப் படியில் நிற்பது போலிருக்கும். அதன் சாறு பட்டதும் ரத்தப் புற்றுநோய்ச் செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொண்டன. ஆய்வில் எனக்குக் குறையில்லை. அதை வைத்துச் சிகிச்சை என்று கூவுவதுதான் உறுத்துகிறது.

கடுக்காயை எடுத்துக்கொள்வோம். திபெத்தியர்களின் மருத்துவ புத்தர் கையில் ஏந்தியிருப்பது அதைத்தான். அதன் துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் கண்ட புரதத்தையெல்லாம் பற்றிக்கொள்ளும். தோல் பதனிடக் கடுக்காய் உதவுவதும் இதனால்தான். ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் வளரும் செல்களின்மேல் கடுக்காய்ச் சாற்றை அடர்த்தியாக ஊற்றினால் புற்றுநோய்ச் செல் மட்டுமல்ல, நல்ல செல்லும் தடுமாறும். வாய்வழி போனாலோ கதையே வேறு. பெரிய டானின் மூலக்கூறுகள் அப்படியே குடலைத் தாண்டுவது அரிது. குடல் பாக்டீரியாக்கள் அவற்றை உடைத்து யூரோலித்தின் என்ற சிறு மூலக்கூறுகளாக மாற்றிய பிறகே கணிசமான பங்கு ரத்தத்தில் சேர்கிறது. அந்தப் பாக்டீரியாக் கூட்டமோ ஆளுக்கு ஆள் வேறு. (யேஷி தோண்டன் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.)

ஆகவே சாற்றை நேராகத் தட்டில் ஊற்றும் ஆய்வுகள் இன்னும் நூறு வந்தாலும் எனக்கு ஆர்வமில்லை. மாத்திரையை மனிதருக்குக் கொடுத்து, சில மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, அதிலிருந்து பிரித்த தெளிந்த நீரான சீரத்தைப் புற்றுநோய்ச் செல்களின்மேல் விட்டுப் பாருங்கள். பக்கத்துத் தட்டில் நல்ல செல்களையும் வையுங்கள். வழிமுறை புதிதல்ல, செலவுதான் கூடும். நன்றி, வணக்கம்.